திசை காட்டிய மாப்பிள்ளை

யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்து வைத்திருப்பவனை ஊர் இரண்டு விதமாக நடத்தும். மேதை என்று நம்பி மாப்பிள்ளையாக்கிக்கொள்ளும். அல்லது தூரத்தில் பார்த்ததுமே எதிர்ச் சந்தில் நுழைந்து மறைந்துவிடும். எனக்கு இரண்டும் நடந்தது. கடலூர் ஓ.டி.யில் (துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சந்தில் மறைந்தார்கள். சிதம்பரத்தில் மாப்பிள்ளையாக்கிக்கொண்டார்கள். எந்த ஊர்க்காரர்கள் புத்திசாலிகள் என்பதைப் படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் ஓ.டி.யில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிளார்க்காக இருந்தேன். கப்பல் வராத நாள்தான் அதிகம். வராத நாளெல்லாம் படிப்பகத்தில் கிடப்பேன். பொது அறிவு என்று அட்டையில் போட்டிருந்தால் போதும், விடமாட்டேன். உலகிலேயே உயரத்தில் இருக்கும் தலைநகரம், சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்து சேர ஆகும் நேரம், ஒட்டகத்தின் திமிலுக்குள் என்ன இருக்கிறது (தண்ணீர் இல்லை, கொழுப்பு), டெலிபோனைக் கண்டுபிடித்தவருக்கு அதற்கு முன் என்ன வேலை என்று எல்லாம் விரல் நுனியில். சிக்கல் என்னவென்றால், அவை விரல் நுனியிலேயே நிற்காது. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மேலெல்லாம் சிந்தும்.

என் சிநேகிதன் பாஷா மட்டும்தான் ஓடாமல் உட்கார்ந்திருப்பான். அவனும் ஒருநாள் சொல்லிவிட்டான்: “மச்சான், டீ ஆறிப்போவுது. மொதல்ல இத குடி. பொலிவியா எங்கியும் போயிடாது.”

அந்த வருஷம் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். எனக்குத்தான் முதல் பரிசு. (கலந்துகொண்டவர்கள் மொத்தம் மூன்று பேர் என்பதையும், அதில் ஒருவர் பாதியில் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார் என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.) பரிசு ஒரு பித்தளைக் காம்பஸ். யாரோ பழைய கப்பல்காரர் நன்கொடையாகக் கொடுத்தது. உள்ளங்கை அகலம், கண்ணாடி மூடி, உள்ளே நடுங்கிக்கொண்டே இருக்கும் முள்.

அதை வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தலை கால் தெரியவில்லை. மறுநாளே தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று காம்பஸைத் திறந்தேன். முள் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி, “இதுதான் கிழக்கு” என்று அறிவித்தேன்.

ஒரு பெரியவர் நிமிர்ந்து கடலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “கடலு கெழக்காலதாங்க இருக்குது. எங்க போயிடப்போவுது?” என்றார்.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சிதம்பரத்து யூசுப் மாமா, பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வாலிபம் முழுவதையும் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அதிகம் பேச மாட்டார். பள்ளிக்கூடத்தில் சரியாகப் படிக்க முடியாமல் போன வருத்தத்தில், படித்தவன் எது சொன்னாலும் தலையாட்டும் வழக்கம் அவருக்கு வந்திருந்தது. அவருடைய ஒரே மகள் ரமீஜாவை எனக்குப் பேசினார்கள். என் தாய்மாமன் போய், “பையனுக்குத் தெரியாததே ஒலகத்துல இல்ல” என்று சொல்லியிருக்கிறார். யூசுப் மாமா அதை அப்படியே நம்பிவிட்டார். சர்க்கரை மாற்றி நிச்சயம் முடிந்தது. நிச்சயத்தன்று நான் பெண்ணைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பார்க்க விடமாட்டார்கள்.

மாமாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட மனையில் ஒரு வீடு. அந்த வீட்டின் கூடத்துச் சுவர் சரியாகக் கிப்லாவைப் பார்க்க வேண்டும். கிப்லா என்பது மக்காவை நோக்கி நாங்கள் தொழும் திசை. கூடத்தில் சுவரோரமாகப் பாயை நேராக விரித்துக் குடும்பத்தோடு தொழ வேண்டும், மகளின் நிக்காஹ் அதே கூடத்தில் நடக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் இந்த உலகத்திடம் கேட்டது.

“மாப்ள, ஒங்ககிட்ட காம்பஸு இருக்காமே. அடிக்கல் போடறதுக்கு முந்தி நீங்க வந்து தெச காட்டிக் குடுக்கணும்” என்று ஆளனுப்பினார்.

நான் சிதம்பரத்துக்குப் புறப்பட்ட நாளில் மழை. ஐப்பசி மாதம், எங்கள் பக்கத்தில் வானம் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் பருவம். ரயிலில் போகும்போது காம்பஸை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே போனேன். சிதம்பரத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி என்று திசைகளையே தெருப் பெயராக வைத்துக்கொண்டிருக்கும் ஊர் அது. அந்த ஊரில் வழி தவறலாம், பஸ்ஸைத் தவற விடலாம். திசையைத் தவற விட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

மாமா அப்போது ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார். பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டு முடித்து முன் அறையில் உட்கார்ந்தோம். உள்வாசலில் ஒரு திரை. அதற்குப் பின்னால் மாமியும் மற்ற பெண்களும் இருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது என்றால் எனக்குக் கேட்கவா வேண்டும்?

“மேக்கதானே மாப்ள தொழறோம்? மேக்க பாத்து செவுரு எழுப்பிட்டா சரியா வந்துடுமில்ல?” என்று மாமா அடக்கமாகக் கேட்டார்.

நான் சிரித்தேன். (இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.) “மேற்கு வேற, கிப்லா வேற மாமா. ஒரு தேங்காய் கொண்டாரச் சொல்லுங்க” என்றேன்.

தேங்காய் திரைக்கு அடியிலிருந்து உருண்டு வந்தது. குடுமியுள்ள பக்கம் வடதுருவம் என்றேன். வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்துச் சிதம்பரத்துக்கு ஒரு பொட்டு வைத்தேன். அரபிக்கடலைத் தாண்டி, கொஞ்சம் மேலே, மக்காவுக்கு ஒரு பொட்டு. ஒரு நூலை வாங்கி இரண்டு பொட்டுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். உருண்டையின் மேல் நேர்வழி என்பது இப்படித்தான் வளைந்து போகும், ஆகவே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்க வேண்டும் என்று விளக்கினேன். அதோடு விட்டேனா? கப்பல்கள் நடுக்கடலில் வழி கண்டுபிடிப்பது, பூமி சுழல்வது, நமக்குப் பொழுது விடியும்போது பினாங்கில் வெயில் ஏறியிருப்பது என்று தேங்காய் மட்டையிலிருந்து நார் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனேன். கடைசியில் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தேன்.

“காம்பஸ் முள்ளு ரொம்ப ரோஷக்காரன் மாமா. பக்கத்துல இரும்பு இருந்தா அது பொய் சொல்லிடும். அதனால அளக்கும்போது இரும்பு எதுவும் கிட்ட இருக்கக் கூடாது.”

“மாஷா அல்லா” என்றார் மாமா. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. அது என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொன்ன அத்தனையும் உண்மை. தேங்காய், நூல், வடக்கே சாய்வது, இரும்பு எல்லாமே. இதைப் பிறகு எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மனை, ஊரைத் தாண்டி, சாலை வளைந்து போகிற இடத்தில் இருந்தது. நாலு வீதியின் ஒழுங்கு அங்கே கிடையாது. கோபுரம் மழை மூட்டத்தில் மறைந்திருந்தது. சூரியன் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. சேறு கணுக்கால்வரை. மாமா குடை பிடித்துக்கொண்டு வந்தார். நான் நிறுத்தினேன்.

“குடையில கம்பி இருக்கு மாமா. தூர வெச்சிட்டு வாங்க.”

அவர் மறுபேச்சில்லாமல் குடையை மடக்கி, சாலையோரம் வைத்துவிட்டு நனைந்துகொண்டு வந்தார். இடுப்பில் இருந்த சாவிக் கொத்தையும் கழற்ற வைத்தேன். மேஸ்திரி கோவிந்தனின் கொத்துக்கரண்டியை வேலியோரம் போடச் சொன்னேன். அவர் அரைஞாண் கயிற்றில் தாயத்து தொங்கியது. அதையும் சந்தேகமாகப் பார்த்தேன். “வெள்ளிங்க” என்று பதறி மூடிக்கொண்டார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவின் கிளிப்பைக்கூட விடவில்லை. இப்படி அந்த மனையில் இருந்த மனிதர்களிடமிருந்து இரும்பு முழுவதையும் அப்புறப்படுத்திவிட்டு, காம்பஸை வைக்கச் சேறில்லாத, சமமான ஓர் இடம் தேடினேன்.

மனையின் ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு மேடு இருந்தது. முழங்கால் உயரம், மேலே தட்டையாக, சேறு படாமல் இருந்தது. சாரத்துக்கு வைத்திருக்கும் சவுக்குக் கழி என்று நினைத்தேன். அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, காம்பஸை வைத்தேன். முள் கொஞ்சம் தடுமாறி, ஒரு பக்கமாகப் போய் உறுதியாக நின்றது. என் வாழ்நாளில் அந்த முள் அத்தனை உறுதியாக நின்று நான் பார்த்ததில்லை. பரிசு பெற்ற முள்ளல்லவா என்று பெருமையாக இருந்தது.

நூல் பிடித்து, முளை அடித்து, “இதுதான் கூடத்துச் சுவர். இதுக்கு நேரா நின்னா மக்கா” என்றேன்.

மாமா முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். “மேக்கு அந்தப் பக்கமால்ல இருக்கும்னு நெனச்சேன்…” என்று வேறொரு பக்கம் கையைத் தூக்கினார்.

“தேங்காய நெனச்சிப் பாருங்க மாமா.”

அவர் கையை இறக்கிவிட்டார். சுவர் எழும்பியது.

தை பிறந்து வானம் தெளிந்த பிறகு ஒருமுறை என்னைப் பார்க்க ஓ.டி.க்கு வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, மிகவும் தயங்கி, “மாப்ள, கூடத்துல நிக்கறப்போ சாயங்கால வெயிலு இடது கன்னத்துல ஜாஸ்தியா அடிக்குது. அது எப்படி?” என்று கேட்டார். மேற்குக்குப் பக்கமாகத் தொழுகிறவனுக்குச் சாயங்கால வெயில் கண்ணில்தானே அடிக்க வேண்டும்! எந்தக் குழந்தையும் அந்த இடத்தில் விழித்துக்கொண்டிருக்கும். நானோ பனிக்காலத்தில் சூரியன் தெற்கே விலகி மறைவதைப் பற்றியும், காற்றில் ஒளி வளைவதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சூரியன்மேல்தான் ஏதோ தப்பிருக்கிறது என்ற முடிவோடு ரயிலேறினார்.

மாசி மாதம் பால் காய்ச்சிப் புதுவீடு புகுந்தார்கள். நபி புகழ் பாடும் மவ்லூது ஓதி, விருந்து. பள்ளிவாசல் ஜமாஅத்துப் பெரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சம்பந்திகள் என்ற முறையில் நாங்களும் ஓ.டி.யிலிருந்து ஒரு பட்டாளமாகப் போயிருந்தோம். ஒரு மாதத்தில் எனக்கு நிக்காஹ். மாமா ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கூடத்துச் சுவரைக் காட்டினார். “மாப்ள காம்பஸு வெச்சிக் குறிச்சிக் குடுத்தது. சுத்தமான கிப்லா” என்றார். நான் பக்கத்தில் அடக்கமாக நின்றுகொண்டிருந்தேன். அந்த அடக்கத்துக்கு ஒரு பரிசு இருந்திருந்தால் அதையும் நானே வாங்கியிருப்பேன்.

சூரியன் மறைந்ததும் தொழும் மக்ரிப்புக்கு நேரம் நெருங்கியது. கூடத்திலேயே தொழுதுவிடலாம் என்றார்கள். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாய்களைச் சுவரை நோக்கி வரிசையாக விரித்தார்கள். தொழுகை நடத்தப் பள்ளிவாசல் அஜரத் முன்னால் போய் நின்றார். எல்லாரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றோம்.

அப்போது இடது பக்கத்து ஜன்னல் வழியாகச் சிவப்பு வெயில் விழுந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் இடது காது சிவந்திருந்தது. பொழுது முழுக்க இறங்கிவிட்டதா என்று பார்க்க அஜரத் ஜன்னல் பக்கம் திரும்பினார். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, “யூசுப் பாய், சூரியன் அங்கல்ல எறங்குது?” என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடியது வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான்.

“மேற்கு வேற, கிப்லா வேற அஜரத். ஒரு தேங்காய் இருந்தா…” என்று ஆரம்பித்தேன்.

“வேறதான் தம்பி, இல்லேங்கல. ஆனா இவ்ளோ வேறயா?” என்றார் அஜரத். நாங்கள் அநேகமாக வடக்கைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். தொழுகிறவர் முகத்துக்கு நேரே மக்கா இருக்க வேண்டிய இடத்தில், என் கணக்குப்படி விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் ஏதோ ஒரு முந்திரிக் காடு இருந்தது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நேரம் போய்க்கொண்டிருந்ததால் அஜரத் பாய்களைக் கோணலாகத் திருப்பிப் போடச் சொன்னார். சதுரக் கூடத்தில் மூலைக்கு மூலை விரித்தால் வரிசை நீளும். பாய் பற்றவில்லை. “உள்ள பொம்பளைங்க பக்கத்துல பாயி இருந்தா வாங்குங்க” என்று யாரோ சொல்ல, மாமா உள்வாசல் திரையை விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே பெண்கள் ஏற்கனவே பாய் விரித்திருந்தார்கள். கோணலாக. மூலைக்கு மூலை, வெயில் வருகிற பக்கத்திலிருந்து கொஞ்சம் வலது கைப்பக்கம் சாய்ந்து, மிகச் சரியாக. பாய் தவறாமல் இருக்கப் புதுத் தரையில் கரியால் ஒரு கோடுகூடப் போட்டிருந்தது. அந்தக் கோடு அன்று போட்டதல்ல. மிதிபட்டு மங்கியிருந்தது.

“இது என்னாது?” என்றார் மாமா.

மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டார். “தரை போட்டதுலேர்ந்து இப்படித்தாங்க தொழறோம். பெருக்கித் தொடைக்க வர்றப்பல்லாம் சாயங்காலம் இங்கதான தொழுவோம்? வெயிலப் பாத்தா தெரியாதா?”

“தெரிஞ்சிக்கிட்டா சும்மா இருந்தீங்க?”

“மாப்ள குறிச்ச தெசய நாங்க எப்படிங்க தப்புன்னு சொல்றது? நிச்சயம் முடிஞ்ச எடம். பொண்ணு வீட்டுக்காரங்க குத்தம் கண்டுபுடிக்கறாங்கன்னு ஆயிடாதா?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

மாமி கரிக்கோட்டைப் பார்த்தார். பிறகு சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. “சொன்னா கோவத்துல சம்பந்தத்த முறிச்சிடுவீங்கன்னுதான். ரமீஜாதான் சொல்ல வேணாம்னா. கோட்டப் போட்டதும் அவதான்.”

முழு ஜமாஅத்தும், என்னைப் பெற்ற அத்தாவும், ஓ.டி. பட்டாளமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு காதும் சிவந்தது, வெயில் படாத வலது காதும் சேர்த்து. பூமி உருண்டை என்பது எனக்குத் தெரியும். அது அந்த இடத்தில் பிளக்க வேண்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

தொழுகை கோணலாகத்தான் நடந்தது. முன்வரிசையின் ஓரத்தில் நின்றவர் மூலையில் ஒடுங்கி, சுவரில் நெற்றி இடிக்காமல் குனியப் பட்ட பாடு இன்றும் கண்ணில் நிற்கிறது. எனக்குக் கிடைத்த இடம் கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில். அங்கே எனக்கு அருகில், வாசல்படியில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மேஸ்திரி கோவிந்தன். தொழுகை முடிந்ததும் ரகசியமாக, “தம்பி, அன்னிக்கி நீங்க பொட்டிய வெச்சீங்களே, அது கூரைக்கு எறக்கின கம்பிங்க. ரெண்டு கட்டு” என்றார்.

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“கரண்டிய தூரப் போடுன்னீங்க, போட்டேன். கம்பியப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியே.”

(பின்கட்டில் இருந்த ஒரு சிறிய அறையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த அறையில் உட்காருகிறவர் முகமோ முதுகோ கிப்லாவுக்கு நேராக இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதையும் என் காம்பஸை நம்பியே கட்டியிருந்தார்கள். திசை பார்த்ததில், கூடத்துச் சுவரைவிட அந்த அறைதான் கிப்லாவுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அதை இடித்தார்கள். மேற்கொண்டு கேட்காதீர்கள்.)

விருந்துக்கு எல்லாரும் உட்கார்ந்தபோது மாமா வரவில்லை. கூடத்திலேயே சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என் அத்தா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். போய்ப் பக்கத்தில் நின்றேன். என் நிச்சயம் அந்த இடத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். முடிந்தால் நியாயம்தான் என்றும் நினைத்தேன். அதைவிட, அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. “பினாங்குல கட மாடியில மூட்டைங்களுக்கு நடுவுலதான் எடம். பாய நேரா விரிச்ச நாளே இல்ல. கோணலா போட்டு, கால மடக்கிக்கிட்டுத் தொழுவேன். ஊருக்குப் போனா சொந்த வீட்டுல நேரா விரிக்கணும்னு அப்பல்லாம் நெனப்பேன்” என்றார்.

உலகத்தில் எனக்குத் தெரிந்த எந்த விவரமும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. அழுதுவிட்டேன். “மாமா, இந்தச் சுவத்த இடிச்சிட்டு நானே கிட்ட நின்னு சரியா கட்டிக் குடுக்கறேன்” என்றேன்.

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “நீங்களா?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “காம்பஸ எடுத்துக்கிட்டா வருவீங்க?” என்றார்.

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது. மாமாவின் உதடும் கோணியது. பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. “வாங்க, சோறு ஆறிடும்” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நிக்காஹ் குறித்த நாளில், அந்தக் கூடத்திலேயே நடந்தது. ஜமக்காளங்களைக் கோணலாகத்தான் விரித்திருந்தார்கள். சுவரை இடிக்க மாமா விடவில்லை. “நிக்கிற செவுரு நிக்கட்டும், நாம திரும்பிக்கலாம்” என்றுவிட்டார்.

கல்யாணமாகிச் சில நாள் கழித்து ரமீஜாவிடம் கேட்டேன். தப்பு என்று தெரிந்தும் ஏன் சொல்ல விடவில்லை? இப்படிப்பட்ட முட்டாளை எதற்காகக் காப்பாற்றினாள்?

அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். “வயசுக்கு வந்ததும் என்ன பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திட்டாங்க. பூகோளம்னா எனக்கு உசிரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் எனக்கு எதையும் சொல்லிக் குடுத்ததில்ல. அன்னிக்கி நீங்க தேங்காய வெச்சிக்கிட்டு ஒலகத்தயே சுத்திக் காட்டுனீங்க. நாங்க திரைக்குப் பின்னால இருக்கோம்னு தெரிஞ்சி சத்தமா வேற சொன்னீங்க. எனக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சிக்கிட்டேன்” என்றாள். பிறகு, “மேக்குலேர்ந்து எவ்ளோ வடக்க சாயணும்னு அன்னிக்கி நீங்க சொன்னத வெச்சித்தான் அந்தக் கரிக்கோட்டப் போட்டேன். நீங்க சொன்னது சரிதான். வெச்ச எடந்தான் தப்பு” என்றாள்.

என் பொது அறிவைப் பற்றி இதைவிட நியாயமான தீர்ப்பை யாரும் எழுத முடியாது.

தீர்ப்பு அதோடு நின்றதா என்றால், இல்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எதைச் சொன்னாலும், நாளைக்கு மழை வரும் என்றாலும், இந்தப் பஸ் பண்ருட்டி போகும் என்றாலும், யாராவது ஒருவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, “கம்பிய நகத்திட்டீங்களா?” என்று கேட்பார்கள். மாமா கேட்டார். என் பிள்ளைகள் கேட்டார்கள். அந்தப் பித்தளைக் காம்பஸைக் கண்ணால்கூடப் பார்த்திராத பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். மாமா காலமான பிறகு அந்த வீட்டுக்கு நாங்களே குடிவந்தோம். கூடத்துக்கு டைல்ஸ் போட்டபோது, ரமீஜாவின் கரிக்கோடு காட்டிய திசையிலேயே கல்லைக் கோணலாகப் பதிக்கச் சொன்னேன். வருகிறவர்கள் அதைப் புதுமாதிரி டிசைன் என்று நினைக்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

ரமீஜா படுத்த படுக்கையானபோது டாக்டர்கள் வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கூடத்தில் ஒரு கட்டில் போட்டோம். கிப்லாவைப் பார்த்தபடி படுக்க வேண்டும் என்றாள். பெரியவன் கைபேசியில் காம்பஸைத் திறந்து, கட்டில் விளிம்பில் வைத்துப் பார்த்தான். முள் சுற்றியது. எடுத்து மறுபடி வைத்தான். இன்னொரு பக்கம் போனது. அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம்.

அவள் கண்ணைத் திறந்தாள். பேச்சே குறைந்துவிட்டிருந்த நேரம் அது. “இரும்புக் கட்டில்டா இது. இது மேல வெச்சா என்னாத்தக் காட்டும்? அப்படியே ஒங்க அத்தா” என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுத்து, டைல்ஸ் கோட்டோடு கோடாக, கோணலாகத் திருப்பி நிறுத்தினேன். குனிந்து, “இப்ப?” என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தாள். சாயங்கால வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

“இப்ப சரியா இருக்குங்க” என்றாள். இத்தனை வருஷத்தில் நான் காட்டிய ஒரு திசையைச் சரி என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான்.